ஒருவரை எழுதவிடும் மென்பொருள் இன்னொருவரைப் படிக்க மட்டும் விடுகிறது: நிறுவும்போது கோப்புறை அனுமதி கொடுப்பது பற்றி

ரோஸ்ஹில் தொண்டர் கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம்.

மொரீசியஸில் எங்கள் ஊர்க் கோவில் அலுவலகத்துக்காக ஒரு சிறிய மென்பொருளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உபயக்காரர் பட்டியல், அர்ச்சனைச் சீட்டு, தைப்பூசக் காவடி எடுப்போரின் பதிவு ஆகிய மூன்றும்தான் அதன் வேலை. டெல்ஃபி என்னும் நிரலாக்கக் கருவியின் பழைய பதிப்பில் எழுதியது. தரவு முழுவதும் எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள வகையில் ஒரே கோப்பில் இருக்கிறது. மென்பொருளைக் கணினியில் அமைத்துத் தரும் நிறுவியை இன்னோ செட்டப் என்னும் கருவி கொண்டு தயாரித்தேன். நான் தொழில்முறை நிரலாளன் அல்லன், கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆகையால் கேள்வியில் ஏதேனும் அறியாமை தென்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் மூன்று கணினிகளில் இருக்கிறது. அலுவலக மேசைக் கணினியும் மாலைநேரத் தமிழ் வகுப்பின் கணினியும் போர்ட் லூயிஸில் வாங்கியவை, இரண்டிலும் ஆங்கில விண்டோஸ். மூன்றாவது பொருளாளரின் மடிக்கணினி. அதை அவருடைய மகன் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் வாங்கி வந்தார், அதில் பிரெஞ்சு விண்டோஸ். அரசாங்கக் கடிதம் ஆங்கிலத்திலும் செய்தித்தாள் பிரெஞ்சிலும் வீட்டுப் பேச்சு கிரியோலிலும் கோவில் பத்திரிகை தமிழிலும் இருக்கும் இந்தத் தீவில், ஒரு கணினி எந்த மொழி பேசும் என்பது அதை யார் எங்கே வாங்கினார் என்பதைப் பொறுத்தது. இதை நான் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. ஒவ்வொரு கணினியையும் மூன்று நான்கு தொண்டர்கள் தத்தம் பயனர் கணக்கில் நுழைந்து பயன்படுத்துகிறார்கள்.

முதற்பதிப்பில் தரவுக் கோப்பை நிரல் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையிலேயே வைத்திருந்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் காலையில் சீட்டு எழுதும் தொண்டர் பதிந்தவை மாலையில் வேறு கணக்கில் நுழையும் தொண்டருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் முதலாமவர் வந்து திறந்தால் அவருடையவை அப்படியே இருக்கும், மாலைக்காரருடையவை இருக்கமாட்டா. ஒரே கணினியில் ஒரே நிரல் இரண்டு பேரேடுகளைக் காட்டுகிறது என்றால், என்னைப் போன்ற கணக்கனுக்கு அதைவிட அச்சமூட்டும் காட்சி வேறில்லை.

தரவை, பயனர் எல்லாருக்கும் பொதுவான புரோகிராம்டேட்டா கோப்புறைக்கு மாற்றச் சொல்லி நண்பர் ஒருவர் அறிவுரை கூறினார். மாற்றினேன். நிறுவி அங்கே என் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்குகிறது. பிறகு கோப்பு அனுமதிகளை மாற்றும் ஐகேக்கல்ஸ் என்னும் கட்டளையைப் பின்னணியில் ஓட்டி, கணினியின் பயனர்கள் அடங்கிய யூசர்ஸ் குழுவுக்கு அந்தக் கோப்புறையில் மாற்றும் அனுமதியைக் கொடுக்கிறது. நிறுவி தரவுக் கோப்பை வைப்பதில்லை. நிரலை முதன்முதலாகத் திறக்கும்போது நிரலே உருவாக்கிக்கொள்கிறது. இரண்டு ஆங்கிலக் கணினிகளிலும் இது குறையின்றி ஓடுகிறது. பிரெஞ்சு மடிக்கணினியிலோ நிறுவி ஒரு குறையும் சொல்லாமல் முடிகிறது, முதலில் திறப்பவர் தாராளமாக எழுதுகிறார், இரண்டாவதாக நுழைபவர் சீட்டைச் சேமிக்க முயன்றால் தரவுத்தளம் படிப்பதற்கு மட்டுமே உரியது என்னும் பிழை வருகிறது. இரண்டாமவர் நிர்வாகிக் கணக்கு வைத்திருப்பவரானாலும் அதே பிழைதான். பொறுமையிழந்து, எல்லாரையும் குறிக்கும் எவரிவன் குழுவுக்கு முழுக் கட்டுப்பாடும் தந்துவிடும்படி அதே கட்டளையை மாற்றிப் பார்த்தேன். அதனாலும் ஒரு மாற்றமும் இல்லை.

தைப்பூசத்துக்குக் காவடிப் பதிவு தொடங்கும் நேரம் நெருங்குகிறது. மூன்று கணினிகளிலும் ஒரே நிறுவி ஒரே விதமாக வேலை செய்ய நான் எதை மாற்ற வேண்டும்?

சேன்தெனி பராமரிப்பாளர் எழுதியது:

வணக்கம் ஐயா. புதுச்சேரியிலிருந்து ரெயூனியனுக்கு வந்து குடியேறியவன் நான். இங்கே என் கைக்கு வரும் கணினிகள் எல்லாமே பிரெஞ்சு பேசுபவை. ஆங்கிலக் கணினியில் சோதித்து அனுப்பப்படும் நிறுவிகள் இங்கே இதே இடத்தில் இடறி விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் நிறுவியில் இருக்கும் யூசர்ஸ் என்னும் சொல்தான் சிக்கல். பிரெஞ்சு விண்டோஸில் அப்படி ஒரு குழுவே கிடையாது. அங்கே அதன் பெயர் யூத்திலிசாத்தர். நீங்கள் இரண்டாவதாக முயன்ற எவரிவனும் அங்கே இல்லை. அதற்குத் தூ லெ மோந்த் என்று பெயர். இல்லாத ஒருவருக்கு அனுமதி கொடுக்கச் சொன்னால் ஐகேக்கல்ஸ் அதைச் செய்வதில்லை; கணக்குப் பெயருக்கும் பாதுகாப்பு அடையாள எண்ணுக்கும் பொருத்தம் காண இயலவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. விண்டோஸின் பிழை எண்களில் அது 1332. கட்டளைச் சாளரத்தை மறைத்து ஓட்டியதால் அந்த வரியை யாரும் பார்க்கவில்லை. இன்னோ செட்டப்பின் ரன் பகுதியில் எழுதும் கட்டளை வெற்றி பெற்றதா தோற்றதா என்பதை நிறுவி தானாகச் சரிபார்ப்பதும் இல்லை. ஆகவே கதவு திறக்காமலே திறந்துவிட்டதாக எல்லாரும் நம்பியிருக்கிறீர்கள்.

இதில் பலரையும் ஏமாற்றும் ஒரு விசித்திரம் இருக்கிறது. பிரெஞ்சு விண்டோஸில் கோப்பு உலாவியைத் திறந்தால் புரோகிராம் ஃபைல்ஸ் இருக்கும் இடத்தில் ப்ரோகிராம் என்றும், யூசர்ஸ் கோப்புறை இருக்கும் இடத்தில் யூத்திலிசாத்தர் என்றும் தெரியும். ஆனால் விஸ்டா என்னும் பதிப்பு முதல் வந்த விண்டோஸ்களில் இவை கண்ணுக்குக் காட்டும் பெயர்கள் மட்டுமே. வட்டில் எழுதப்பட்டிருக்கும் உண்மைப் பெயர் ஆங்கிலமே. எனவே பாதையை ஆங்கிலத்தில் எழுதிய நிரல் பிரெஞ்சுக் கணினியிலும் ஓடிவிடும். குழுக்களின் கதை நேர் எதிரானது: அவற்றின் பெயர் உண்மையாகவே மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. கோப்புறையின் பெயர் மாறினாற்போலத் தோன்றி மாறவில்லை, குழுவின் பெயரோ மாறியே விட்டது. கோப்புறை விஷயத்தில் கிடைத்த நம்பிக்கையைக் குழுவுக்கும் நீட்டினால் இப்படித்தான் ஆகும்.

பெயர் எதுவானாலும் மாறாத ஒன்று உண்டு. விண்டோஸ் அனுமதிப் பட்டியலில் குழுவின் பெயரை எழுதிவைப்பதில்லை. அதன் அடையாள எண்ணைத்தான் எழுதிவைக்கிறது. உள்ளமைந்த பயனர் குழுவின் எண் எஸ்-1-5-32-545. நிர்வாகிகள் குழுவுக்கு அதே தொடரின் இறுதியில் 544. எல்லாருக்கும் பொதுவான குழுவுக்கு எஸ்-1-1-0. டர்பனில் வாங்கினாலும் பாரிஸில் வாங்கினாலும் இந்த எண்கள் ஒன்றே. ஐகேக்கல்ஸ் கட்டளையில் குழுப்பெயர் வரும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியிட்டு, இடைவெளி விடாமல் இந்த எண்ணை எழுதுங்கள். அதன்பின் வரும் ஓஐ, சிஐ என்னும் இரண்டு குறிகளும் எம் என்னும் எழுத்தும் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். முதற்குறி கோப்புறைக்குள் உருவாகும் கோப்புகளுக்கும், இரண்டாவது உட்கோப்புறைகளுக்கும் அனுமதி வழிவரச் செய்பவை. எம் என்பது மாற்றும் அனுமதி.

பிரெஞ்சுப் பெயரையும் சேர்த்து இரண்டு வரியாக எழுதிவிடலாமே என்று தோன்றலாம். அந்த வழியில் நான் ஒருமுறை போய்த் திரும்பியிருக்கிறேன். அங்கீகரிக்கப்பட்ட பயனர் என்னும் குழுவின் பிரெஞ்சுப் பெயரில் மேற்குறியிட்ட ஒரு எழுத்து வருகிறது. கட்டளைகளை எழுதிவைத்த தொகுதிக் கோப்பைச் சேமித்த குறியேற்றம், அதாவது எழுத்துகளை எண்களாக்கும் முறை, ஒன்றாகவும் கட்டளைச் சாளரம் படிக்கும் குறியேற்றம் வேறாகவும் இருந்ததால் அந்த ஒரு எழுத்து சிதைந்து, பிரெஞ்சுக் கணினியிலேயே பிரெஞ்சுப் பெயர் அடையாளம் தெரியாமல் போயிற்று.

இனி முதலாமவர் மட்டும் எழுதமுடிந்த காரணத்துக்கு வருகிறேன். புரோகிராம்டேட்டாவில் சாதாரணப் பயனர்கள் எல்லாரும் புதுக் கோப்பை உருவாக்கலாம், அங்குள்ளவற்றைப் படிக்கலாம்; ஆனால் ஒரு கோப்பின் மேல் முழு உரிமை அதை உருவாக்கியவருக்கே வந்து சேரும்படி அதன் இயல்பான அனுமதிகள் அமைந்திருக்கின்றன. உங்கள் கட்டளை தோற்றுப்போனதால் இந்த இயல்புநிலையே நிலைத்துவிட்டது. முதலில் திறந்தவரின் கணக்கில் தரவுக் கோப்பு பிறந்தது, அவர் உரிமையாளர் ஆனார், மற்றவர்கள் வாசகர்கள் ஆனார்கள். இரண்டாமவர் நிர்வாகியாக இருந்தும் பயனில்லாததற்குக் காரணம், நிர்வாகியாக இயக்கு என்று கேட்டு ஒப்புதல் தராதவரை அவருடைய நிரல்களும் சாதாரணப் பயனரின் உரிமையோடுதான் ஓடுகின்றன.

மாயேபூர் நிரலர் எழுதியது:

மேலே ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இன்னோ செட்டப் கையில் இருக்கும்போது ஐகேக்கல்ஸை அழைப்பதே தேவையற்ற சுற்றுவழி என்பது என் எண்ணம். நிறுவிக் குறிப்பில் கோப்புறைகளை அறிவிக்கும் டர்ஸ் பகுதியிலேயே பெர்மிஷன்ஸ் என்னும் அளபுரு இருக்கிறது. அதில் யூசர்ஸ்-மாடிஃபை என்று எழுதினால் போதும். இங்கே வரும் யூசர்ஸ் என்பது இன்னோ செட்டப்பின் சொந்தக் குறிச்சொல். அது உள்ளே அடையாள எண்ணாக மாற்றப்படுவதால் கணினியின் மொழி குறுக்கிடுவதில்லை. பாதையின் தொடக்கத்தில், புரோகிராம்டேட்டாவைக் குறிக்கும் காமன்ஆப்டேட்டா என்னும் மாறிலியை நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். பயனருக்குரிய மாறிலியான யூசர்ஆப்டேட்டாவை எழுதிவிட வேண்டாம். தொண்டர் ஒருவர் நிறுவியைத் தொடங்கி, பொருளாளர் வந்து தம் நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து ஒப்புதல் தந்தால், அந்த நொடி முதல் நிறுவி பொருளாளரின் கணக்கில் ஓடும்; தொண்டருக்கென்று நீங்கள் நினைத்த கோப்புறை பொருளாளரின் சொந்த இடத்தில் போய் உருவாகும்.

அனுமதி தரவுக் கோப்புக்கு மட்டும் போதாதா, கோப்புறைக்கே ஏன் தர வேண்டும் என்று என்னிடம் சிலர் கேட்டதுண்டு. எஸ்கியூலைட் ஒவ்வொரு முறை தரவை எழுதும்போதும் தரவுக் கோப்புக்குப் பக்கத்திலேயே ஜர்னல் என்னும் துணைக்கோப்பை உருவாக்கி, இயல்பான அமைப்பில் வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுகிறது. புதுக் கோப்பு உருவாக்கும் உரிமை கோப்புறையில் இல்லாவிட்டால், தரவுக் கோப்பில் எழுதும் உரிமை இருந்தும் வேலை நடக்காது. அக்சஸ் தரவுத்தளமும் பூட்டுக் கோப்பு ஒன்றை இதேபோல் பக்கத்தில் வைப்பதுதான்.

உங்கள் முதற்பதிப்பில் நடந்த மாயத்துக்கும் விளக்கம் உண்டு. 2007ஆம் ஆண்டு விஸ்டா வந்தபோது, புரோகிராம் ஃபைல்ஸில் எழுதிப் பழகிய பழைய நிரல்கள் ஒரேயடியாக நின்றுபோகாமல் இருக்க மைக்ரோசாஃப்ட் ஒரு ஏற்பாடு செய்தது. 32 பிட் நிரலாக இருந்து, தனக்கு எந்த அளவு உரிமை வேண்டும் என்று அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் அதற்கு இல்லாமல் இருந்தால், அது அங்கே எழுத முயலும்போது விண்டோஸ் மறுக்காமல், அந்தப் பயனரின் சொந்த இடத்தில் விர்ச்சுவல்ஸ்டோர் என்னும் கோப்புறையில் ஒரு நகலை வைத்து அதில் எழுதிக்கொள்ள விடும். காலைத் தொண்டருக்கு ஒரு நகல், மாலைத் தொண்டருக்கு ஒரு நகல் என்று உங்கள் பேரேடு பிரிந்தது இப்படித்தான். 64 பிட் நிரலுக்கு இந்தச் சலுகை கிடையாது, அதற்கு நேரடியாக மறுப்புதான் வரும். நேரடி மறுப்பே நல்லது என்பேன். பிழையை மறைக்கும் உதவியால் உங்களைப் போன்றவர்கள் எத்தனை நாள் தரவைத் தவறான இடத்தில் சேர்த்திருப்பார்கள்! பழைய பதிவுகள் தொலைந்துவிடவில்லை. ஒவ்வொரு தொண்டரின் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்னும் பாதையில் தேடுங்கள், கிடைக்கும்.

எவரிவனுக்கு முழுக் கட்டுப்பாடு கொடுக்கும் எண்ணத்தை மட்டும் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். மாற்றும் அனுமதியில் படித்தல், எழுதுதல், அழித்தல் எல்லாம் அடங்கிவிடுகின்றன. முழுக் கட்டுப்பாடு அதற்குமேல் தருபவை, அனுமதிகளையே திருத்தும் உரிமையும் உரிமையாளர் ஆகும் உரிமையும். சீட்டு எழுதுபவருக்கு இவை எதற்கு? புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் நிரல் கோப்புறைக்கு எழுதும் அனுமதி தருவது இதைவிடக் கேடானது. யார் வேண்டுமானாலும் நிரற்கோப்பை எடுத்துவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம், அடுத்து நிர்வாகி அதை இயக்கும்போது அது நிர்வாகியின் உரிமையோடு ஓடும்.

ரோஸ்ஹில் தொண்டர் எழுதியது:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐகேக்கல்ஸ் வரியை எடுத்துவிட்டு டர்ஸ் பகுதியில் அனுமதியை எழுதினேன். பிரெஞ்சு மடிக்கணினியில் நிறுவியதும் மூன்று தொண்டர்களும் மாறி மாறிச் சீட்டு எழுத முடிந்தது. மேலே சொன்ன பிழை வரியை என் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பதற்காகப் பழைய கட்டளையைச் சாளரத்தை மறைக்காமல் ஒருமுறை ஓட்டினேன். ஐயா சொன்னபடியே பிரெஞ்சில் அந்த வரி நின்றது. இத்தனை நாள் அதை நான்தான் மறைத்து வைத்திருந்தேன் என்பதை எண்ணச் சற்று வெட்கமாக இருக்கிறது.

விர்ச்சுவல்ஸ்டோரில் பழைய பதிவுகளும் அகப்பட்டன. ஆனால் அங்கே ஒரு புதுத் தடை. அலுவலகக் கணினியில் காலைத் தொண்டரின் நகலை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை அதில் சேர்க்கலாம் என்று எண்ணி, அந்தக் கோப்பை மூவ் கட்டளையால் புதுக் கோப்புறைக்கு நகர்த்தினேன். இப்போது காலைத் தொண்டர் மட்டும் திறக்கிறார். மற்றவர்களுக்குத் தரவுத்தளக் கோப்பைத் திறக்கவே இயலவில்லை என்று வருகிறது. கோப்புறையின் பண்புகளில் பார்த்தால் யூசர்ஸ் குழுவுக்கு மாற்றும் அனுமதி சரியாகவே இருக்கிறது. இதுவோ ஆங்கிலக் கணினி. மொழியின் மேல் பழி போடவும் வழியில்லை.

சேன்தெனி பராமரிப்பாளர் எழுதியது:

கோப்புறையைப் பார்த்தீர்கள், கோப்பைப் பார்க்கவில்லை. நகர்த்துவதும் நகலெடுப்பதும் அனுமதி விஷயத்தில் ஒன்றல்ல. நகலெடுக்கும்போது சேருமிடத்தில் ஒரு புதுக் கோப்பு பிறக்கிறது, ஆகவே அது அந்த இடத்தின் அனுமதியைப் பெறுகிறது. ஒரே வட்டுப் பகுதிக்குள் நகர்த்தும்போது கோப்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, அதன் முகவரி மட்டும் மாறுகிறது. எனவே பிறந்த வீட்டு அனுமதியோடு புகுந்த வீட்டுக்கு வருகிறது. காலைத் தொண்டரின் சொந்த இடத்தில் அவருக்கும் நிர்வாகிகளுக்கும் கணினி அமைப்புக்கும் மட்டுமே உரிமை இருந்தது, அதுவே கோப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நிர்வாகியாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில், அந்தக் கோப்புறையின் பாதையோடு நட்சத்திரக் குறி சேர்த்து, உள்ளிருப்பவற்றுக்கு மட்டும் ஐகேக்கல்ஸின் ரீசெட் விருப்பத்தை ஓட்டுங்கள். கோப்புகள் தம் பழைய அனுமதிகளை விட்டுவிட்டுக் கோப்புறையிடமிருந்து வருவதை ஏற்றுக்கொள்ளும். கோப்புறைக்கே ரீசெட் ஓட்டிவிடாதீர்கள். நிறுவி கொடுத்த அனுமதியும் சேர்ந்து போய்விடும், மீண்டும் புரோகிராம்டேட்டாவின் இயல்புநிலைக்கே திரும்புவீர்கள். இவ்வகைக் குழப்பம் யூ.எஸ்.பி. குச்சி வழியாகக் கொண்டுவரும் கோப்புகளில் வருவதில்லை. எஃப்ஏடி32, எக்ஸ்எஃப்ஏடி வடிவில் அமைந்த குச்சிகளில் அனுமதி என்பதே கிடையாது. அங்கிருந்து வருவதெல்லாம் நகல்தான்.

மோக்கா ஆசிரியை எழுதியது:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். தொழில்நுட்பம் தீர்ந்துவிட்டது போலத் தெரிகிறது. எனக்கு வேறொரு ஐயம். தமிழ் வகுப்பின் கணினியிலும் இந்த மென்பொருள் இருக்கிறது என்று தொடக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தக் கணினியில் மாணவர்களுக்கும் கணக்கு இருக்குமல்லவா? உள்ளமைந்த பயனர் குழுவுக்கு மாற்றும் அனுமதி என்றால், பாடப் பயிற்சி செய்ய வந்த பத்து வயதுப் பிள்ளையும் உபயக்காரர் அனைவரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் படிக்கலாம், விரும்பினால் கோப்பையே அழித்துவிடலாம். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய சொந்த விவரங்களை வைத்திருப்பவர் அவற்றைத் தக்க பாதுகாப்போடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. கோவில் என்பதால் அந்தக் கடமை குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

பதிவு எழுதும் தொண்டர்களுக்கென்று கணினியில் ஒரு தனிக் குழுவை உருவாக்கி, அனுமதியை அதற்கு மட்டும் தருவதே முறை. மேலே கற்ற பாடம் இங்கே தலைகீழாகும் என்பதையும் கவனியுங்கள். நீங்கள் உருவாக்கும் குழுவின் அடையாள எண் கணினிக்குக் கணினி வேறுபடும். பெயரோ நீங்கள் வைத்ததுதான், எந்த மொழிக் கணினியிலும் மாறாது. ஆகவே விண்டோஸோடு பிறந்த குழுக்களை எண்ணால் அழைக்க வேண்டும், நாம் பெற்ற குழுவைப் பெயரால் அழைக்க வேண்டும். அந்தப் பெயரைத் தமிழில் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தொகுதிக் கோப்பில் ஒரு பிரெஞ்சு எழுத்துக்கே அந்தக் கதி என்றால், யூனிகோடுக்கு வெளியே விண்டோஸின் வழக்கமான குறியேற்றங்களில் இடமே இல்லாத தமிழ் எழுத்துகள் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மேற்குறி இல்லாத ரோமன் எழுத்துகளிலேயே வையுங்கள்.

பொருளாளரின் மடிக்கணினி ஹோம் பதிப்பாக இருந்தால் குழுக்களை நிர்வகிக்கும் சாளரம் அதில் இராது. நெட் லோக்கல்குரூப் என்னும் கட்டளை அதிலும் வேலை செய்யும். குழுவில் சேர்க்கப்பட்ட தொண்டர் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பிறகே அவருக்கு உரிமை வந்து சேரும். இதை மறந்துவிட்டு, சேர்த்தும் பயனில்லை என்று நான் அரை நாள் வீணாக்கியிருக்கிறேன்.

இன்னொன்று. புதுக் குழுவுக்கு அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது. புரோகிராம்டேட்டாவிலிருந்து வழிவரும் படிக்கும் அனுமதி எல்லாருக்கும் இன்னும் இருக்கும். முதலில் டர்ஸ் பகுதியிலிருந்து பயனர் குழுவுக்கான அனுமதியை நீக்குங்கள். பிறகு கணினி அமைப்புக்கும் நிர்வாகிகளுக்கும் உங்கள் குழுவுக்கும் நேரடி அனுமதி கொடுங்கள். கணினி அமைப்பின் எண் எஸ்-1-5-18. இவை மூன்றும் நின்ற பிறகே, ஐகேக்கல்ஸின் இன்ஹெரிட்டன்ஸ் விருப்பத்துக்கு ஆர் என்று கொடுத்து மேலிருந்து வருவதைத் துண்டியுங்கள். வரிசை மாறினால் நிர்வாகியே வெளியே நிற்க நேரிடும். நீங்கள் ஏற்கெனவே நிறுவியிருக்கும் கணினிகளில் பயனர் குழுவுக்கு நேரடியாகக் கொடுத்த அனுமதி கோப்புறையிலேயே தங்கியிருக்கும், துண்டித்தாலும் அது போகாது. ரிமூவ் விருப்பத்தோடு 545இல் முடியும் எண்ணைக் கொடுத்து அதைத் தனியே நீக்க வேண்டும்.

ரோஸ்ஹில் தொண்டர் எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்ன ஐயம் எனக்குத் தோன்றவே இல்லை. வகுப்புக் கணினியில் மாணவர்களுக்குப் பொதுவாக ஒரு கணக்கு இருக்கிறது. அதில் நுழைந்து பார்த்தேன், உபயக்காரர் பட்டியல் முழுவதும் திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து மாற்றியமைத்தேன். நிறுவி இப்போது தொண்டர் குழு இல்லாவிட்டால் உருவாக்குகிறது, கணினி அமைப்பு, நிர்வாகிகள், தொண்டர் குழு ஆகிய மூன்றுக்கும் நேரடி அனுமதி கொடுக்கிறது, பிறகு மேலிருந்து வருவதைத் துண்டிக்கிறது, பயனர் குழுவின் பழைய அனுமதியையும் நீக்குகிறது. இவற்றுக்கு ஐகேக்கல்ஸையே மீண்டும் அழைக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த முறை ரன் பகுதியில் எழுதாமல் நிறுவியின் நிரற்பகுதியிலிருந்து அழைத்து, அது திருப்பித் தரும் எண் சுழியமாக இல்லாவிட்டால் செய்தி காட்டி நிற்கும்படி எழுதிவிட்டேன். மென்பொருளை நீக்கும்போது தரவுக் கோப்புறை அழியாதிருக்க அதற்குரிய கொடியையும் சேர்த்தேன். அலுவலகக் கணினியில் உள்ளிருப்பவற்றுக்கு ரீசெட் ஓட்டியதும் பழைய பதிவுகள் எல்லாருக்கும் திறந்தன. இரண்டு நகல்களிலும் ஒரே சீட்டு எண்கள் இருந்ததால் அவற்றை ஒன்றாக்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

மாணவர் கணக்கில் இப்போது நிரலைத் திறந்தால் தரவுத்தளத்தைத் திறக்க இயலவில்லை என்னும் எஸ்கியூலைட் பிழை மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. அதைப் பார்த்த ஒரு பிள்ளை கணினி கெட்டுவிட்டது என்று ஆசிரியரிடம் ஓடியதாகக் கேள்வி. அந்த இடத்தில், இது கோவில் அலுவலகத் தொண்டர்களுக்கு மட்டும் உரியது என்று தமிழிலும் பிரெஞ்சிலும் ஒரு செய்தி காட்டும்படி அடுத்த பதிப்பில் எழுதிவிடுகிறேன்.